ஒரு வருடம் அமெரிக்கப் பள்ளியில்: போவது சரி, திரும்பி வந்தால் பிளஸ் ஒன் என்ன ஆகும்?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் பெரும்பாலான வீடுகளில் ஓடும் பேச்சு ஒன்றுதான்: "பயாலஜி எடுக்கறதா, கம்ப்யூட்டர் சயின்ஸா?" சில வீடுகளில் மட்டும் மூன்றாவதாக ஒரு கேள்வி வருகிறது. "ஒரு வருஷம் அமெரிக்காவுல ஸ்கூல் படிக்கலாமாம், ஸ்காலர்ஷிப்பே தர்றாங்களாம், அனுப்பலாமா?"

இந்தக் கேள்வி பெரும்பாலும் வந்து நிற்பது வீட்டில் வேலைக்குப் போகும் அக்காவிடமோ அண்ணனிடமோதான். விண்ணப்பம் நிரப்புவதும், விசா இணையதளத்தோடு மல்லுக்கட்டுவதும் அவர்கள்தானே. எல்லாரும் விசாவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய சிக்கல் அண்ணா சாலை துணைத் தூதரகத்தில் இல்லை. அது நம்மூர் பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது.

முதலில், இது என்ன திட்டம்?

வெளிநாட்டுப் பள்ளி மாணவர் ஒருவர் அமெரிக்கக் குடும்பத்துடன் தங்கி, உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு செமஸ்டரோ ஒரு கல்வியாண்டோ படிப்பதுதான் மாணவர் பரிமாற்றத் திட்டம். 1961-ல் வந்த ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம் இதற்கு அடிப்படை. விசாவின் பெயர் ஜே-1. ஒரு கல்வியாண்டுக்கு மேல் நீட்டிக்க முடியாது.

இதில் முழு உதவித்தொகையுடன் வரும் திட்டங்களில் முக்கியமானது 'கென்னடி-லூகர் யெஸ்'. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, செனட்டர்கள் எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் ஆகியோரின் முயற்சியில் 2002-ல் உருவானது. முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இடையே நேரடிப் பழக்கம் வேண்டும் என்பது நோக்கம். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இடம்பெற்றது. இங்கே மாணவர் தேர்வை நடத்திவந்தது ஏ.எஃப்.எஸ். அமைப்பு. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்கள் தொடங்கிய அமைப்பு இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாணவர் பரிமாற்றத்துக்கு மாறியது.

இந்தத் திட்டத்தில் விமான டிக்கெட், தங்குமிடம், மருத்துவக் காப்பீடு, மாதாந்திரக் கைச்செலவு எல்லாம் அமெரிக்க அரசின் பணம். இது தவிர, குடும்பமே கட்டணம் கட்டிப் போகும் திட்டங்களும், ரோட்டரி சங்கங்கள் நடத்தும் பரிமாற்றத் திட்டமும் உண்டு.

ஏஜென்ட் சொல்லும் 'அமெரிக்கன் ஸ்கூல் அட்மிஷன்' இதுதானா?

இல்லை. அங்கேதான் பலர் குழம்பிப் போகிறார்கள்.

ஜே-1 பரிமாற்ற மாணவருக்கு அரசுப் பள்ளியில் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது. தங்கவைக்கும் குடும்பத்துக்கும் வாடகைப் பணம் தருவதில்லை. அவர்கள் விருப்பப்பட்டு ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

எஃப்-1 விசா கதை வேறு. இதில் அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தால் அதிகபட்சம் 12 மாதம்தான். ஒரு மாணவருக்குப் பள்ளி நிர்வாகம் செய்யும் முழுச் செலவையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். தனியார் பள்ளி என்றால் கால வரம்பு இல்லை. கட்டணம் அந்தப் பள்ளி வைப்பதுதான்.

ஆகவே யாராவது "எக்ஸ்சேஞ்ச் புரோகிராம்" என்று சொல்லி முன்பணம் கேட்டால், முதல் கேள்வி இது: தருவது டி.எஸ்-2019 படிவமா, ஐ-20 படிவமா? முதலாவது ஜே-1 விசாவுக்கானது, இரண்டாவது எஃப்-1 விசாவுக்கானது. பெயர் எதுவாக இருந்தாலும் படிவம் பொய் சொல்லாது.

யார் போகலாம்?

வயது 15 முதல் பதினெட்டரை வரை. சொந்த நாட்டில் பள்ளி மாணவராக இருக்க வேண்டும். பொதுவாக, மழலையர் வகுப்பு நீங்கலாக 11 ஆண்டுப் பள்ளிப் படிப்பைத் தாண்டியிருக்கக் கூடாது. ஏற்கெனவே எஃப்-1 அல்லது ஜே-1 விசாவில் அமெரிக்கப் பள்ளியில் படித்திருக்கவும் கூடாது.

"பிளஸ் டூ முடிச்சிட்டு நிதானமா போகலாமே" என்ற யோசனை இதனால்தான் பொதுவாக எடுபடுவதில்லை. 12 ஆண்டு படித்து முடித்தவர் அமெரிக்கக் கணக்கில் பள்ளியைத் தாண்டியவர். நம்மூர் மாணவருக்கு நடைமுறையில் இருக்கும் ஜன்னல், பத்தாம் வகுப்பை ஒட்டிய ஓரிரு வருடங்கள் மட்டுமே. தேர்வு நடைமுறையும் ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதால், பொதுத்தேர்வு ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் தாமதம்.

அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்?

ஊரை மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது. சினிமாவில் பார்க்கும் நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ என்று கற்பனை செய்துகொண்டு போகிறவருக்கு வயல்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் கிடைக்கலாம். ஆவடி ஸ்டேஷனில் ஏறினால் சென்ட்ரல், இறங்கினால் மெட்ரோ என்று பழகிய பிள்ளைக்கு, கார் இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாத இடம் பெரிய மாற்றம். பெரும்பாலான திட்டங்கள் மாணவர் வண்டி ஓட்டுவதைத் தடை செய்கின்றன. பள்ளிக்கு மஞ்சள் பஸ், மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர்களின் தயவு.

பள்ளியும் வேறு மாதிரி. ஆசிரியர் தன் அறையிலேயே இருப்பார். மணி அடித்ததும் மாணவர்கள்தான் அறை மாறுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி டைம்டேபிள். பக்கத்து சீட்டில் இருப்பவர் அடுத்த வகுப்பில் இருக்க மாட்டார். 'நம்ம செக்‌ஷன்' என்ற ஒன்றே இல்லாததால் முதல் சில வாரங்களில் நட்பு அமைவது கஷ்டம். மதிய உணவு நேரத்தில் எந்த மேசையில் உட்காருவது என்பதே பெரிய பிரச்சினையாகத் தெரியும். விளையாட்டு, இசைக்குழு, நாடகம் என்று பள்ளி முடிந்த பின் நடக்கும் எதிலாவது சேர்ந்தால் அது மாறும். சைவம் மட்டும் சாப்பிடுவோர் அதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். "அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன்" என்று எழுதிவிட்டுப் போய்த் தவிக்கக் கூடாது.

பாதுகாப்புக்கு விதிகள் உண்டு. வீட்டில் உள்ள 18 வயது நிரம்பிய அனைவரின் குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்பட வேண்டும். திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் 120 மைலுக்குள் இருக்க வேண்டும்; மாதம் ஒருமுறையாவது மாணவரிடம் பேச வேண்டும். வீடும் பள்ளியும் ஆகஸ்ட் 31-க்குள் உறுதியாக வேண்டும். வீடு ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக் கேட்கலாம். "அவங்க சோறு போடறாங்க, எதுவும் சொல்லாதே" என்று இங்கிருந்து போனில் வாயை அடைப்பதுதான் ஆபத்து. சங்கடமாக ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது என்பது கிளம்பும் முன்பே பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையே ஜே-1 மாணவர்களுக்கு அவசர உதவி எண் வைத்திருக்கிறது.

சரி, திரும்பி வந்தால் பிளஸ் ஒன் என்ன ஆகும்?

இதுதான் மையக் கேள்வி. நமக்குப் பள்ளி ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. அங்கே ஆகஸ்டில் தொடங்கி மே அல்லது ஜூனில் முடிகிறது. இரண்டு காலண்டரும் ஒட்டாது.

ஆவடியில் பத்தாம் வகுப்பு எழுதும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் தேர்வு முடிகிறது. ஆகஸ்டில் கிளம்புகிறார், அடுத்த ஜூனில் திரும்புகிறார். இப்போது அவருக்கு இரண்டு வழி. ஒன்று, பிளஸ் ஒன்னில் புதிதாகச் சேர்ந்து கூடப் படித்தவர்களைவிட ஒரு வருடம் பின்தங்குவது. இன்னொன்று, அமெரிக்க வருடத்தையே பிளஸ் ஒன்னாகக் காட்டி நேராக பிளஸ் டூ கேட்பது.

இரண்டாவது வழி கேட்க நன்றாக இருக்கும், நடப்பது கடினம். சி.பி.எஸ்.இ.யில் 11, 12 இரண்டும் சேர்ந்து ஒரே இரண்டாண்டுப் படிப்பு. 11-ஐ முறையாகப் படித்துத் தேறாமல் 12-ல் நுழைய முடியாது. வெளிநாட்டுப் பள்ளியிலிருந்து வருபவரை 12-ல் சேர்க்க வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆவடியில் எச்.வி.எஃப்., விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். வளாகங்களில் இருக்கும் கேந்திரிய வித்யாலயா பிள்ளைகளுக்கும் இதே விதிதான்.

மாநிலப் பாடத்திட்டத்தில் 2017-18 முதல் இருந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்ட் 8-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 முதல் நீக்கப்பட்டது. "அப்போ பிளஸ் ஒன்னை ஸ்கிப் பண்ணலாம்" என்று அர்த்தமில்லை. பொதுத்தேர்வுதான் போனது, வகுப்பு இருக்கிறது.

பாடத்திலும் இடிக்கும். இங்கே இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் எல்லாம் ஒரே வருடத்தில் ஓடும். பல அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு வருடத்துக்கு ஓர் அறிவியல் பாடம்தான் வழக்கம். கூடவே அமெரிக்க வரலாறு, ஆங்கில இலக்கியம். நீட், ஜே.இ.இ. கேள்விகளில் 11-ம் வகுப்புப் பாடமும் உண்டு. அதைத் தாண்டிக் குதித்தவர் பிளஸ் டூவில் இரண்டு வருடப் பாடத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். இத்தனைக்கும் பரிமாற்ற மாணவருக்கு அமெரிக்க டிப்ளமா கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அது அந்தந்தப் பள்ளியின் முடிவு. பெரும்பாலும் கையில் வருவது மதிப்பெண் பட்டியல் மட்டுமே.

அரசுப் பள்ளி மாணவருக்கு என்ன ஆபத்து?

முழு உதவித்தொகை யாருக்கு அதிகம் பயன்படுமோ, இழக்க அதிகம் இருப்பதும் அவர்களுக்குத்தான்.

2020-ல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பெற, 6 முதல் 12-ம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2021-ல் இது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இதே '6 முதல் 12' என்ற சங்கிலியில்தான் தொங்குகின்றன.

11-ம் வகுப்பை அமெரிக்காவில் முடித்ததாகக் காட்டினால் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி காணாமல் போகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தொழிலாளியின் மகளுக்கு, ஒரு வருட அமெரிக்க அனுபவத்தின் விலை ஒரு மருத்துவ சீட்டாகக்கூட இருக்கலாம். அதே மாணவி திரும்பி வந்து அரசுப் பள்ளியிலேயே பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் படித்தால், நடுவில் ஒரு வருட இடைவெளி இருக்கும். ஆனால் 6 முதல் 12 வரை எல்லா வகுப்பும் அரசுப் பள்ளியில்தான் படித்திருப்பார். "ஒரு வருஷம் வேஸ்ட்" என்று எல்லாரும் சொல்லும் வழிதான் இவருக்குப் பாதுகாப்பான வழி.

தனியார் பள்ளி மாணவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு பொறியியல் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை இங்கேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. ஒரு வகுப்பை வெளியே படித்தால் அது கேட்கப்படும்.

விசா நிலவரம் என்ன?

2025 இந்தத் திட்டங்களுக்கு நல்ல வருடமாக இல்லை. பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதியை நிறுத்திவைத்தது. 2026 நிதியாண்டு பட்ஜெட்டில் கல்வி, கலாச்சாரப் பரிமாற்றத்துக்கான ஒதுக்கீட்டில் 69.1 கோடி டாலரைக் குறைக்க வெள்ளை மாளிகை பரிந்துரைத்தது. மே 27-ல் எஃப், எம், ஜே விசாக்களுக்கான புதிய நேர்காணல் ஒதுக்கீடு நிறுத்தப்பட்டு, ஜூன் 18-ல் புதிய நிபந்தனையுடன் மீண்டும் தொடங்கியது: விண்ணப்பிப்பவர் தன் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி 'பப்ளிக்' ஆக்க வேண்டும். 16 வயதுப் பிள்ளையின் இன்ஸ்டாகிராமும் இதில் அடக்கம்.

ஜே-1 விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், செவிஸ் கட்டணம் 220 டாலர். அமெரிக்க அரசின் நேரடி உதவித்தொகையில் போவோருக்கு இவற்றில் விலக்கு உண்டு. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தில் 250 டாலர் கூடுதல் விசா கட்டணமும் இடம்பெற்றிருக்கிறது.

இதனால் பிற்பாடு அமெரிக்க வேலை எளிதாகுமா?

ஐ.டி.யில் இருக்கும் அண்ணன்கள் உடனே கேட்பது இது. பதில் எதிர்த்திசையில் இருக்கிறது. அமெரிக்க அரசுப் பணத்தில் போகும் ஜே-1 மாணவருக்கு 'இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும்' என்ற விதி பொருந்தும். அதை முடிக்கும் வரை எச்-1பி, எல் விசாக்களோ கிரீன் கார்டோ பெற முடியாது. மாணவர் விசாவுக்கு இந்தத் தடை இல்லை. திரும்பி வந்து பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் முடிப்பதற்குள் அந்த இரண்டு வருடத்தின் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும் என்பதால் பயப்படத் தேவையில்லை. குறுக்குவழி என்று நம்பித்தான் அனுப்பக் கூடாது.

கையெழுத்துப் போடும் முன்

மூன்று விஷயங்கள் எழுத்தில் வேண்டும். ஒன்று, திரும்பி வந்ததும் எந்த வகுப்பில் சேர்த்துக்கொள்வோம் என்று இப்போதைய பள்ளியின் கடிதம். இரண்டு, சி.பி.எஸ்.இ. என்றால் வாரியத்திடமிருந்தும், மாநிலப் பாடத்திட்டம் என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்தும், இடைவெளி வருடத்தால் இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் பாதிக்குமா என்பதற்கான பதில். மூன்று, திட்டத்தை நடத்தும் நிறுவனம் அமெரிக்க வெளியுறவுத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் இருப்பதற்கான ஆதாரம்.

இந்த மூன்றும் கையில் இருந்து, பிள்ளைக்கும் ஒரு வருடம் தள்ளிப் படிப்பதில் தயக்கம் இல்லை என்றால் தாராளமாக அனுப்பலாம். வேறொரு வீட்டில், வேறொரு மொழியில், தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு பத்து மாதம் இருப்பது எந்த டியூஷனிலும் கிடைக்காது. ஆனால் "அதெல்லாம் வந்து பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் மட்டும் பேனாவை மூடி வையுங்கள்.