வீட்டை இடித்துவிட்டுத் தேர்வு எழுதச் சொல்வதா?

பொதுத்துறை வங்கிகளில் 5,208 அதிகாரிப் பணியிடங்களுக்கு விண்ணப்பங்களை வரவேற்று ஐபிபிஎஸ் நிறுவனம் 2025 ஜூலை 1 அன்று பதிவைத் தொடங்கியது. முதல்நிலைத் தேர்வு அந்த ஆகஸ்ட் மாதத்திற்கு அறிவிக்கப்பட்டது. இதற்குச் சரியாக ஒரு மாதத்திற்கு முன்பு, ஜூன் 1 அன்று, தில்லி ஜங்புராவை ஒட்டிய பாராபுல்லா வடிகால் கரையில் இருந்த மதராசி கேம்ப் புல்டோசர்களால் தரைமட்டமாக்கப்பட்டது. இரண்டும் தொடர்பற்ற செய்திகளாகத் தோன்றலாம். இடிபாடுகளிலிருந்து புத்தகங்களைப் பொறுக்கி எடுத்த இளைஞர்களைக் கேட்டால், இரண்டும் ஒரே செய்தி என்பார்கள்.

தமிழகக் கிராமங்களில் நிலமும் வேலையும் இல்லாமல் தில்லிக்கு வந்தவர்கள் அரை நூற்றாண்டு உழைத்து உருவாக்கிய குடியிருப்பு அது. பெண்கள் ஜங்புரா, நிஜாமுதீன் பகுதி வீடுகளில் பாத்திரம் துலக்கினார்கள், சமைத்தார்கள். ஆண்கள் துப்புரவு, ஓட்டுநர், கூலி வேலைகளுக்குச் சென்றார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் பிள்ளைகளை அனுப்பினார்கள். இத்தகைய குடும்பத்தில் முதல் பட்டதாரி உருவாகும்போது, வீடு முழுவதும் நம்பிக்கையோடு பார்க்கும் திசைகளில் ஒன்று வங்கித் தேர்வு. ஏதேனும் ஒரு பட்டமும், 20 முதல் 30 வரையான வயதும் போதும், சிபாரிசு தேவையில்லை. 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய தனியார் வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டதும், அதைத் தொடர்ந்த விரிவாக்கமும் இட ஒதுக்கீடும்தான் வங்கியின் கதவை உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்தன.

அந்தக் கதவைத் தட்டுவதும் எளிதல்ல. முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விகளுக்கு 60 நிமிடங்கள். ஆங்கிலம், கணிதத் திறன், பகுத்தறியும் திறன் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் தலா 20 நிமிடங்கள். ஒரு தவறான விடைக்கு அக்கேள்விக்குரிய மதிப்பெண்ணில் கால் பங்கு பறிபோகும். கடந்து வந்தால் முதன்மைத் தேர்வு, பிறகு நேர்காணல். வேகமே எல்லாம் என்ற இந்தத் தேர்வுக்கு அறிவு மட்டும் போதாது. மாதக்கணக்கில் தினமும் கடிகாரத்தை வைத்து மாதிரித் தேர்வு எழுத வேண்டும். அதற்கு உட்கார ஓர் இடம், எரியும் விளக்கு, அறுந்துபோகாத இணையம், வேலைக்குப் போகச் சொல்லி நெருக்காத ஒரு வீடு வேண்டும். பத்தடி அறையில் அம்மா உறங்கியபின் படித்தவர்களிடமிருந்து அந்த அறையும் பறிக்கப்பட்டுவிட்டது.

தேர்வு எழுதுவோர் அனைவரும் அறிந்த சொல் ‘கட்-ஆஃப்’. மதராசி கேம்ப் மக்களுக்கு வங்கித் தேர்வுக்கு முன்பே இன்னொரு கட்-ஆஃப் வைக்கப்பட்டது. 2015 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அந்தக் குடிசையில் வசித்ததை வாக்காளர் பட்டியல் உள்ளிட்ட ஆவணங்களால் மெய்ப்பித்தால்தான் மாற்று வீடு என்பது தில்லியின் மறுவாழ்வுக் கொள்கை. சுமார் 370 குடும்பங்களில் 189 குடும்பங்களே தகுதி பெற்றதாக முதலில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ பாதிப்பேர் தெருவில் விடப்பட்டனர். வாழ்நாளெல்லாம் இந்நகரைக் கூட்டிப் பெருக்கியவர்களிடம், இந்நகரில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்கிறது அரசு.

‘தேர்ச்சி’ பெற்றவர்களுக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், நகரின் வடக்கு எல்லையில் உள்ள நரேலா. காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு என்று வேலை செய்த பெண் அங்கிருந்து ஜங்புரா வந்து திரும்ப முடியுமா? அவரது கூலி நின்றால் மகளின் பயிற்சிக் கட்டணம் நிற்கும். மகளே வேலை தேட வேண்டிவரும். தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. ஆவணங்கள் இன்னொரு சிக்கல். வேறு மாநிலத்திலிருந்து குடியேறிய பட்டியல் சாதிக் குடும்பத்தின் பிள்ளை தில்லியில் சாதிச் சான்று பெற, சொந்த மாநிலத்தில் தந்தைக்கு வழங்கப்பட்ட சான்றைக் காட்ட வேண்டும். அந்தப் பழைய தாள் இடிபாட்டில் போனால், நேர்காணலில் இட ஒதுக்கீட்டு உரிமையும் அதோடு போகும்.

வடிகாலைத் தூர்வார வேண்டும், நீதிமன்ற உத்தரவு இருக்கிறது என்கிறார்கள் ஆட்சியாளர்கள். மழைக்காலத்தில் வடிகால் அடைத்தால் முதலில் மூழ்குவது ஏழைகளின் வீடுதான். தூர்வாருவதை யாரும் எதிர்க்கவில்லை. வேலையும் பள்ளியும் உள்ள இடத்தின் அருகிலேயே அனைவருக்கும் வீடு கொடுத்துவிட்டு அதைச் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. ‘குடிசை இருக்கும் இடத்திலேயே வீடு’ என்று வாக்குறுதி அளித்தே பாஜக தில்லியில் வாக்குக் கேட்டது. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு கூறியது வரவேற்கத்தக்கது. ஆனால் தில்லியில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்குத் தில்லிதான் ஊர்.

தட்டிய கதவும் சுருங்கி வருகிறது. 2017-இல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் இணைப்புகளால் 2020-இல் 12 ஆயின. போதிய பணி நியமனம் கோரி வங்கி ஊழியர் சங்கங்களின் ஐக்கியப் பேரவை 2025 மார்ச்சில் வேலைநிறுத்தம் அறிவிக்க நேர்ந்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் அது ஒத்திவைக்கப்பட்டது. அதிகாரித் தேர்வின் வினாத்தாள் இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழகத்தின் எதிர்ப்புக்குப் பிறகு, எழுத்தர் தேர்வை 13 மொழிகளில் நடத்த 2021-இல் ஒன்றிய அரசு இசைந்தது. எழுத்தருக்கு முடிந்தது அதிகாரிக்கு முடியாதா?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. மதராசி கேம்ப்பின் அனைத்துக் குடும்பங்களுக்கும் கட்-ஆஃப் நிபந்தனையின்றி அருகமையில் வீடு வழங்கப்பட வேண்டும். இழந்த சான்றிதழ்களை அரசே முகாம் நடத்திக் கட்டணமின்றி வழங்க வேண்டும். மாணவர்களுக்கு உதவித்தொகையும் போக்குவரத்தும் வேண்டும். வங்கிகளின் காலிப் பணியிடங்கள் அனைத்தும் நிரப்பப்பட்டு, அதிகாரித் தேர்வு எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் நடத்தப்பட வேண்டும்.

ஒரே வினாத்தாள், ஒரே கடிகாரம் என்பதால் போட்டி சமமாகிவிடாது. வீட்டுரிமைக்கும் வேலையுரிமைக்கும் மொழியுரிமைக்கும் தனித்தனியே நடக்கும் போராட்டங்கள் ஒன்றிணைய வேண்டும். குடிசைவாழ் மக்களோடு வங்கி ஊழியரும் மாணவரும் தோள் சேர்ந்து நின்றால், இந்த அரசைப் பணிய வைக்க முடியும்.