பழைய சோறும் பயில்வானும்

வீட்டுப் பாலை சொசைட்டியில் ஊற்றிவிட்டு, அந்தக் காசில் பையனுக்குப் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்குகிறோம். பேங்கில் வரவு செலவு பார்த்தே வயதான எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. பாலாடைக்கட்டி செய்யும்போது பிரிகிற தண்ணியிலிருந்து வருவதுதான் அந்த 'வே' பவுடர்!

வங்காளத்து மனோகர் ஐச்சைப் பாருங்கள். உயரம் ஐந்தடிகூட இல்லை. வெள்ளைக்காரன் சிறையில் கருவி எதுவும் இல்லாமலே உடம்பை முறுக்கேற்றினார். 1952-ல் லண்டனில், குள்ளமானவர்கள் பிரிவில் 'மிஸ்டர் யுனிவர்ஸ்' ஆனார். சாப்பாடு? சோறு, பருப்பு, மீன், பால், காய்கறி. பழைய சோற்றுத் தண்ணியைப் பெருமையாகச் சொல்வார். 2016-ல் காலமானபோது வயது 104.

பழைய சோறு மட்டும் தசை வளர்க்காது. பருப்பும் மீனும் பாலும் புரதம் கொடுத்தன. மீதி அவர் உழைப்பு. அந்தப் பருப்பும் பாலும் நம்ம காட்டிலும் கட்டுத்தறியிலும் இருக்கிறது. விற்பதற்கு முன்னால் பிள்ளைகள் பங்கை எடுத்து வையுங்கள்.