மூன்று சாக்கில் ஒரு ஷேவிங் செட்

போன ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது ஒரு கைப்பிடி. வெறும் கைப்பிடி. மூடியும் இல்லை, தட்டும் இல்லை.

அருப்புக்கோட்டையின் பழைய இரும்புக்கடைகளை நான் சுற்றத் தொடங்கி ஐந்து வருஷம் ஆகிறது. தேடுவது நிக்கல் பூச்சுப் போட்ட பழைய பித்தளை ஷேவிங் செட்டை. அப்பா கடைசிவரை அப்படி ஒன்றில்தான் சவரம் செய்தார். அவர் காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட அன்றே, செத்தவர் தொட்ட சவரச் சாமான் வீட்டில் எதற்கு என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். நான் மயானத்துக் கணக்கை முடிக்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் வண்டி தெருவைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வீட்டில்தான் அப்படி. கடைக்கு வந்து சேர்ந்ததையாவது முழுசாக விடுகிறார்களா? சாக்கைக் கொட்டியதும் கடைப் பையன் காந்தத்தோடு உட்காருகிறான். ஒட்டினால் இரும்பு. ஒட்டாததை அரத்தால் ஒரு இழுப்பு இழுக்கிறான். மஞ்சள் தெரிந்தால் பித்தளைச் சாக்கு, வெள்ளை தெரிந்தால் வேறு சாக்கு. பித்தளைக் கைப்பிடியும் துத்தநாகக் கலவைத் தலையுமாகச் செய்த செட்டுகள் உண்டு. அவை அந்த இடத்திலேயே பிரிந்துபோகின்றன. எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். வருஷக்கணக்கில் அது படிந்து மரை இறுகிப்போன செட் என்றால் சுத்தியலால் ஒரே போடு. ராத்திரி முழுக்கக் காடியில் ஊறப்போட்டால் தானாகக் கழன்று வரும் திருகு அது!

"அண்ணாச்சி, மூணும் ஒண்ணா இருந்தாத்தான் சவரம் பண்ண முடியும். பிரிச்சுப் போட்டா வீணாப் போயிரும்."

"கலந்து போட்டா எனக்கு வெலையைக் கொறைச்சுருவான் தம்பி. எடைக்கு வாங்குறேன், எடைக்குப் போடுறேன்."

கடைக்காரர் பிழைப்பு அது, அவரை என்ன சொல்ல? ஆனால் ஒரு செட்டின் தட்டை இன்னொரு செட்டின் மூடியோடு சேர்த்துவிட முடியாது. மூடி பிளேடை வளைத்து அழுத்த, தட்டு அதைத் தாங்க, விளிம்பு எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும் என்பது அந்த இரண்டுக்கும் நடுவில் முடிவாகிறது. பொருந்தாத தட்டைப் போட்டு ஒருநாள் தாடையைக் கிழித்துக்கொண்டேன். தழும்பு இருக்கிறது.

மூடி, தட்டு, கைப்பிடி, நடுவில் ஒரு பிளேடு. எத்தனை எளிய யோசனை! அமெரிக்காவில் கிங் ஜில்லெட் இதற்கு 1904இல் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப் போரில் அந்த நாட்டுச் சிப்பாய்களுக்கு 35 லட்சம் செட் போனது. பின்னால் வந்த ஜில்லெட் செட்டுகள் சிலவற்றின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து செய்த வருஷம், எண் அந்த வருஷத்தின் எந்தக் காலாண்டு. திருச்சுழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் அப்படி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விலை பேசிவிட்டு, பணத்தோடு மறுவாரம் போனேன். அதற்குள் ஈயம் பித்தளைக்காரர் வந்து போய்விட்டார்.

இப்படிப்பட்ட செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்குவது என்ன? நாலு சவரத்தில் மழுங்கும் பிளாஸ்டிக் ரேசர். இரும்புக்கடைக்காரர்கூட அதைத் தொடமாட்டார். அது கருவேலம் புதரடியில் கிடக்கிறது. இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடோ இன்றைக்கும் பெட்டிக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிளேடு இருக்கிறது, மாட்டச் செட் இல்லை.

போன மாதம் அந்தப் பையனிடம் ஒரு தகர டப்பா கொடுத்தேன். "தம்பி, ஷேவிங் செட்டு வந்தா ஒடைக்காம இதுல போட்டு வைப்பா, எடைக்காசுக்கு மேல நான் தர்றேன்" என்றேன். சரியென்று தலையாட்டினான். ஞாயிற்றுக்கிழமை கைப்பிடியை மட்டும் நீட்டியபோது, மற்றது எங்கே என்று கேட்டேன். லோடு ஏற்றியாகிவிட்டதாம். டப்பா? அதில் காந்தம் ஒட்டியிருக்கிறது.