சீசாவின் பூர்வீகம்

அல்சூரின் பழைய பேப்பர் கடைகளில் பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் உள்ள மரியாதை கண்ணாடிக்குக் கிடையாது. கன்னடத்தில் பாட்லி, நம் பாட்டிமார்கள் வாயில் சீசா. உருது வழியாக வந்த சொல். மூலத்தில் 'ஷீஷா' என்றால் கண்ணாடி. பெயர் எதுவானாலும், விலை இல்லாததால் தெருவில்தான் பெரும்பாலும் உடைகிறது.

விலை வைத்தால் என்ன நடக்கும் என்பதை நீலகிரி காட்டியது. காட்டில் வீசப்படும் மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய். காலி பாட்டிலைக் கொடுத்தால் பணம் வாபஸ். பெரும்பாலானவை திரும்பி வந்தன. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

பத்து ரூபாய் கிடைக்காத பாட்டிலை என்ன செய்வது? கழுவி வைத்துக்கொள்ளலாம். எடுத்த எடுப்பில் கொதிநீரை ஊற்றாதீர்கள். உட்பக்கம் சட்டென விரியும், வெளிப்பக்கம் விரியாது, விரிசல் நிச்சயம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் லேபிள் உரியும். மிஞ்சும் பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். பிரஷ் நுழையாத கழுத்தா? ஒரு பிடி அரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். மணல் வேண்டாம், கண்ணாடியைக் கீறிவிடும்.

அப்புறம் அந்த வெள்ளைப் படலம். பெங்களூருக்கு நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி வந்தாலும், பல அடுக்குமாடி வீடுகளில் போர்வெல் தண்ணீரும் புழங்குகிறது. அதிலுள்ள சுண்ணாம்புதான் படிகிறது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி ஓர் இரவு வைத்தால் கரைந்துவிடும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். நனைந்தபோது பளிச்சென்றும் உலர்ந்ததும் மறுபடி மங்கலாகவும் தெரிந்தால், நெடுநாள் ஈரத்தில் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது என்று பொருள். அது எதிலும் போகாது. பூச்செடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லா சீசாவும் கழுவத் தக்கதல்ல. முதலில் அதன் பூர்வீகத்தை விசாரியுங்கள். 1971-ஆம் வருடப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, பூச்சிமருந்து பாட்டிலின் லேபிளில் சாய்சதுரக் குறி இருக்கும். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் படிப்படியாகக் குறையும். எந்த நிறமானாலும் அந்த பாட்டில் சமையலறைக்குள் வரக்கூடாது. லேபிள் கிழிந்துபோன, என்ன இருந்ததென்று தெரியாத பாட்டிலுக்கும் இதே சட்டம்தான். கண்ணாடி சுத்தமானாலும் மூடியும் ரப்பர் வளையமும் வாசனையை விடாது.

இதைவிட ஆபத்து, தலைகீழான வழக்கம். பளபளவெனக் கழுவிய கலர் பாட்டிலில் மண்ணெண்ணெயையோ கக்கூஸ் கழுவும் ஆசிட்டையோ ஊற்றி மூலையில் வைப்பது. மேலே சீட்டு ஒட்டியிருப்பதாகப் பெரியவர்கள் சமாதானம் சொல்லலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்து தெரியாது, பாட்டிலின் உருவம் தெரியும். அப்படி எதையாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போகும், ஆசிட் தொண்டையை இரண்டாம் முறை சுடும். குழந்தையோடு அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.