மணி அடித்தாற் போதுமா?

கந்தோர் மேசையில் இருக்கும் தொலைபேசி வெளித்தோற்றத்தில் அதிகம் மாறிவிடவில்லை. கைபிடியும் இலக்கப் பொத்தான்களும் முன்போலவே இருக்கின்றன. ஆனால் உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. முன்னாளில் நமது குரல் மின்னோட்டமாக மாறிச் செப்புக் கம்பி வழியே சென்றது. இன்று பல காரியாலயங்களிற் பாவிக்கப்படும் இணையத் தொலைபேசியோ, குரலைச் செக்கனுக்கு 8,000 தடவை அளந்து, அந்த அளவுகளை எண்களாக்கி, எண்களைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, கணினிகள் செய்தி அனுப்பும் அதே பாதையில் அனுப்பிவிடுகின்றது. வழக்கமான முறையில் ஒரு செக்கன் நேரப் பேச்சு 50 பொட்டலங்களாகப் போகும். ஆகவே இதனைத் தொலைபேசி என்பதிலும் பார்க்க, தொலைபேசி வேடம் பூண்ட கணினி என்பதே பொருந்தும்.

கணினி என்றால் அதற்குக் கட்டளைகளை முதலில் ஊட்டியாக வேண்டும். எந்த நிலையத்தை நாடுவது, எந்தப் பெயரில் தன்னைப் பதிவுசெய்வது, என்ன இரகசியச் சொல்லைக் கூறுவது, எந்த இலக்கம் அழுத்தப்பட்டால் எவ்வழியிற் செலுத்துவது என்றெல்லாம் எழுதிவைப்பர். பின்னர், கருவியைப் பொருத்த வந்தவர் அடுத்த அறைக்கு ஓர் அழைப்பு விடுப்பார். மணி அடிக்கும். "கேட்கிறதா?" "கேட்கிறது." அவ்வளவுதான், பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். இதனைச் சோதனை என்று ஏற்றுக்கொள்ள நம்மால் இயலவில்லை. அடுத்த அறையில் இருப்பவரோடு பேசுவதற்கு எழுந்து நடந்து போயிருக்கலாமே! ஆபத்து வேளையில் அக்கருவி என்ன செய்யும் என்பதன்றோ அறியப்பட வேண்டியது.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலே, மார்ஷல் என்னும் நகரத்து விடுதி ஒன்றில் 2013 டிசெம்பரில் ஒரு துயரச் சம்பவம் நடந்தது. பிரிந்து வாழ்ந்த கணவன் தன் மனைவியைக் கத்தியாற் குத்தினான். உடனிருந்த ஒன்பது வயது மகள் கலங்கி நிற்கவில்லை. அறையிலிருந்த தொலைபேசியை எடுத்து 911 என்னும் அவசர இலக்கத்தை அழுத்தினாள். அழைப்புப் போகவில்லை. மீண்டும் அழுத்தினாள். நான்கு முறை முயன்றும் பயனில்லை. அவ்விடுதியில் வெளியிடத்துக்குப் பேச வேண்டுமாயின் முதலில் 9 என்னும் பொத்தானை அழுத்த வேண்டுமென்பது ஏற்பாடு. அக்குழந்தை அதனை எங்ஙனம் அறிவாள்? தாய் உயிரிழந்தாள். கருவியிற் பழுதில்லை, கம்பியிலும் பழுதில்லை. எவரோ எழுதிவைத்த ஒரு விதியே குறுக்கே நின்றது. இறந்தவரின் தந்தை ஓயாது போராடியதன் பயனாக 2018இல் "கேரி சட்டம்" நிறைவேறியது. 2020 பெப்ரவரி 16ஆம் திகதிக்குப் பின் அந்நாட்டிற் பொருத்தப்படும் காரியாலய, விடுதித் தொலைபேசிகள் யாவும், முன்னால் வேறெதனையும் அழுத்தாமலே 911ஐ இணைத்தாக வேண்டும்.

அது எங்கோ நடந்தது என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. இலங்கையிற் பொலிசாரை அழைக்கும் அவசர இலக்கம் 119; அம்புலன்ஸ் வண்டிக்கு 1990. மேசைக்கு மேசை பேசுவதற்கு 101 முதல் 199 வரை இலக்கங்களை வழங்கியிருக்கும் ஒரு காரியாலயத்தை எண்ணிப் பாருங்கள். கள்வன் புகுந்த வேளையில் ஒருவர் 119ஐ அழுத்தினால், கணக்காளரின் மேசையில் மணி அடிக்கும்! 1990இன் கதி இதனிலும் வேடிக்கையானது. 199 என்ற அளவில் இலக்கம் நிறைவுற்றதெனக் கருவி முடிவுசெய்து அந்த மேசையை அழைத்துவிடும். கடைசிச் சுழியம் கேட்பாரற்றுப் போகும். காரியாலய உள்ளிலக்கங்கள் ஒன்றிலே தொடங்காதிருக்கச் செய்வது இதற்கு எளிய பரிகாரம். வெளியழைப்புக்கு 9 வேண்டுமென்ற ஏற்பாடு இருக்குமாயின், 119 என்றாலும் 9119 என்றாலும் பொலிசாரிடமே போகும்படி விதியை எழுதுவித்தல் வேண்டும்.

மற்றொரு தொல்லையையும் சொல்லவேண்டும். மணி அடிக்கும், எடுப்பார்கள். நமது குரல் அவர்களுக்குக் கேட்கும், அவர்களது குரல் நமக்குக் கேளாது. தெருவும் ஊரும் குறிப்பிடாமல் "ஐந்தாம் மேசை" என்று மட்டும் விலாசம் எழுதிக் கடிதம் போட்டவருக்குப் பதில் வருமா? தொலைபேசி, காரியாலயத்துள் மாத்திரம் வழங்கும் தன் உள்முகவரியை வெளியாருக்குக் கொடுத்துவிட்டால் நேர்வது அதுவே. அறைக்கு அறை பேசிப் பார்ப்பதில் இக்குறை வெளிப்படாது. வெளியேயுள்ள கைத்தொலைபேசி ஒன்றோடு சில நிமிடங்களேனும் இருவரும் மாறிமாறிப் பேசவேண்டும். பின்னர் ஒரு மணி நேரம் கருவியைத் தொடாது விட்டு, வெளியிலிருந்து அதற்கு அழைப்பு விடுத்துப் பார்ப்பது நன்று. ரவுட்டர்கள் சில, சிறிது நேரம் போக்குவரத்து இல்லையென்றால் வாயிலைச் சாத்திவிடும் இயல்புடையன. அப்போது உள்ளே வரும் அழைப்புகள் வாயிலோடு நின்றுவிடும்.

இனி மின்சாரம். பழைய தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ற் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. ஊர் முழுவதும் இருளில் மூழ்கியபோதும் அது பேசியது. இணையத் தொலைபேசிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. பிரதான ஆளியை நிறுத்திவிட்டுக் கருவியில் ஓசை வருகிறதா என்று பாருங்கள். தொலைபேசிக்கு மாத்திரம் மின்கலம் வைத்தாற் போதாது; ரவுட்டருக்கும், இடையிலுள்ள இணைப்புப் பெட்டிக்கும் வேண்டும்.

அவசர இலக்கங்களைச் சோதிக்க முற்படுமுன், இணைப்பை வழங்கும் நிறுவனத்தாரிடம் அதற்குரிய முறையைக் கேட்டறிதல் அவசியம். அழைப்பு அப்புறம் எடுக்கப்பட்டுவிட்டால், பேசாது வைத்துவிடலாகாது. இது சோதனை அழைப்பு என்று ஒரு வாக்கியத்திற் கூறிவிட்டு வைக்கவேண்டும். காரியாலயத்தின் முழு விலாசத்தையும் ஒரு கடதாசியில் எழுதிக் கருவியின் அருகே ஒட்டிவையுங்கள். கொழும்பிற் பதிவான இணையத் தொலைபேசியைக் கண்டிக்குக் கொண்டுபோய்ச் செருகினாலும் அது அதே இலக்கத்தோடு பேசும். நாம் எங்கிருந்து அழைக்கிறோம் என்பதை, அழைப்பவர்தான் சொல்லவேண்டியிருக்கும்.