இரண்டு ஆண், ஒரு தொட்டி



பேரன் ஆசைப்பட்டானே என்று புதுக்கோட்டை வீட்டில் சின்ன மீன்தொட்டி வைத்தேன். நிறத்தில் மயங்கி இரண்டு ஆண் ட்வார்ஃப் கௌராமிகளை வாங்கி விட்டேன். ஒன்று மற்றதை ஓயாமல் விரட்டியது; பத்தாம் நாள் அது செத்து மிதந்தது. பேரன் அன்று சாப்பிடவில்லை.

குற்றம் மீனுடையதல்ல, என்னுடையது. கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியில் செடி அடர்ந்த நீரில் வாழும் இனம் அது. ஆண் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டி, அந்த இடத்தைக் காக்கும். தோற்றது வெறும் கண்ணாடிக்குள் எங்கே ஒளியும்?

சிறு தொட்டிக்கு ஓர் ஆணே போதும். மிதக்கும் செடி போடுங்கள், நீரோட்டத்தைக் குறையுங்கள்.

வகுப்பில் சண்டை போட்டவர்களை நான் அடித்துத் திருத்தியதில்லை; இடம் மாற்றித்தான் உட்கார வைத்தேன். நினைவிருக்கிறதா?