விழாத விமானம்

கைபேசி விளையாட்டு என்றதும் தமிழ்நாட்டில் நாம் கவலைப்படுவது இரண்டே விஷயங்களுக்கு. ஒன்று பணம், இன்னொன்று ரத்தம். ரம்மியில் பணத்தை விட்டவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வரிசையாக வந்தபிறகு, 2022-இல் சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றி, 2023-இல் அது சட்டமானது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. ரத்தத்துக்கு பப்ஜி இருந்தது. அதை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், அதுவும் ரத்தத்துக்காக அல்ல, சீனத் தொடர்புக்காக.

இந்த இரண்டு கணக்கிலும் சிக்காமல் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது ஒரு விளையாட்டு வகை. வான்சண்டை. திரையில் விரலை வைத்து இழுத்தால் விமானம் திரும்பும். எதிரி வட்டத்துக்குள் வந்தால் துப்பாக்கி தானாகச் சுடும். ஒன்றரை நிமிடத்தில் ஆட்டம் முடியும், ஒரு விளம்பரம் ஓடும், அடுத்த ஆட்டம். காசு கேட்பதில்லை. ரத்தம் இல்லை, விமானத்துக்குள் ஆளே தெரிவதில்லை. ஒரு சின்ன ஆரஞ்சு நிற வெடிப்பு, அவ்வளவுதான்.

சோழவந்தானில் இருக்கும் என் அக்கா இதைப் பார்த்து நிம்மதி அடைந்தவள். "இது பரவால்லடா தம்பி. வெட்டுக் குத்து இல்ல, காசும் கேக்கல. ஏரோப்ளேன்தான ஓட்டுறான். நாளைக்குப் பைலட் ஆனாலும் ஆவான்" என்றாள். இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்தோடு நான் போடும் சண்டை.

பொங்கல் விடுமுறையில் மருமகனின் கைபேசியை வாங்கி, மென்பொருள்காரன் எந்த நிரலைப் பார்த்தாலும் செய்வதைச் செய்தேன்: அதை உடைத்துப் பார்க்க முயன்றேன். முதலில் விமானத்தின் மூக்கைச் செங்குத்தாக மேலே வைத்து விரலை எடுக்காமல் இருந்தேன். ஏறிக்கொண்டே போனது. வேகம் குறையவில்லை, எஞ்சின் திணறவில்லை. கடைசியில் 'போர்க்களத்துக்குத் திரும்பவும்' என்று ஓர் எச்சரிக்கை வந்து, விமானம் தானே திரும்பிக்கொண்டது. அடுத்து மூக்கை நேராகத் தரையை நோக்கி வைத்தேன். பச்சை வயலில் முட்டிச் சிதறும் என்று பார்த்தால், வழுக்குமரத்தில் சறுக்குகிற மாதிரி புல்லின் மேல் சறுக்கிக்கொண்டு போனது. இந்த விமானத்தால் விழ முடியாது. தோற்க முயன்றேன். முதல் ஐந்து ஆட்டத்தில் அதுவும் முடியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் எதிரிகள் என் மூக்குக்கு முன்னால் வந்து நின்று சுடு சுடு என்று கெஞ்சினார்கள்.

பிறகு இன்னொன்று செய்தேன். கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டேன். விமான விளையாட்டுக்குப் பொருத்தமான மோடுதான். வைஃபை இல்லை, டேட்டா இல்லை. ஆட்டத்தைத் தொடங்கினால் எட்டுப் பேர் வந்தார்கள், ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு நாட்டுக் கொடி. அதில் ஒருவன் பிரேசில்காரன். அவனை மருமகனுக்கு நன்றாகத் தெரியும். "மாமா, அவன நேத்து மூணு தடவ அடிச்சேன். ஆனா நல்லா ஆடுவான்" என்று மதியம்தான் சொல்லியிருந்தான். சிக்னல் இல்லாத திரையைக் காட்டினேன். ஏழாம் வகுப்புப் பையனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்தப் பையன் இல்லவே இல்லையா?" என்று மட்டும் கேட்டான்.

இல்லை. எங்கள் தொழிலில் இதை 'பாட்' என்போம். மனிதனைப் போல நடிக்கும் நிரல். புதிதாக வருபவன் முதல் சில ஆட்டங்களில் ஜெயித்தே ஆகவேண்டும் என்பதற்காக, தோற்பதற்கென்றே எழுதப்பட்டது. நிரலோடு விளையாடுவதில் ஒரு தப்பும் இல்லை. கணினியோடு செஸ் ஆடுகிறோமே. ஆனால் செஸ் நிரல் தன்னைப் பிரேசில்காரன் என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஆக, பளு இல்லாத ஆகாயம், ஆள் இல்லாத எதிரி. இதில் பைலட் எங்கிருந்து வருவான்?

வான்சண்டைக்கு ஆங்கிலத்தில் நாய்ச் சண்டை என்று பெயர். மதுரைப் பக்கத்து ஆளைக் கேட்டிருந்தால் சேவல்சண்டை என்று வைத்திருப்பான், அதுதான் சரியாக இருந்திருக்கும். சேவல்கட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: யார் கொத்துகிறது என்பது அப்புறம், யார் மேலே எழும்புகிறது என்பதுதான் முதலில். ஒவ்வோர் எழும்பலுக்கும் மூச்சு செலவாகும். நல்ல சேவல் எல்லா எழும்பலுக்கும் எழும்பாது. எதிரியைக் களைக்க விட்டுவிட்டுக் காத்திருக்கும். இடைவேளையில் தண்ணீர் தெளித்து ஆசுவாசப்படுத்துவதற்கென்றே ஒரு கைப்பக்குவம் உண்டு. 'ஆடுகளம்' படத்தை இந்த ஊர்ப் பக்கம் இத்தனை பேர் இத்தனை முறை பார்த்ததற்குக் காரணம் தனுஷ் மட்டும் இல்லை.

இதையே 1960-களில் அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்ட், தாமஸ் கிறிஸ்டி என்ற கணித வல்லுநரோடு சேர்ந்து சமன்பாடாக எழுதினார். விமானத்தின் உயரமும் வேகமும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடிய ஆற்றல். உயரம் என்பது குதிரில் இருக்கும் நெல், வேகம் என்பது மடியில் இருக்கும் காசு. கீழே பாய்ந்தால் நெல்லை விற்றுக் காசாக்குகிறீர்கள். மேலே ஏறினால் காசைப் போட்டு நெல் வாங்குகிறீர்கள். சடாரென்று வளைந்தால் இரண்டும் கையைவிட்டுப் போகும், காற்றுக்குக் கட்டும் வட்டி அது. வேகம் பாதியானால் இறக்கை தூக்கும் விசை கால்வாசியாகிவிடும். அதை ஈடுகட்ட மூக்கை இன்னும் உயர்த்தினால், ஒரு கோணத்துக்கு மேல் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும், விமானம் கல் மாதிரி விழும். சண்டை என்பது சுடுவது அல்ல, அந்தக் குதிரைக் காலியாக்காமல் எதிரியின் குதிரைக் காலியாக்குவது. எரிபொருள் வேறு இருக்கிறது. 1940-இல் ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 109 பிரான்சிலிருந்து கிளம்பி லண்டன் வானத்தில் சண்டை போட அதற்குச் சுமார் பத்து நிமிடம்தான் கிடைத்தது. அதற்குமேல் இருந்தால் திரும்பும் வழியில் கடலில்தான் இறங்கவேண்டும்.

மருமகன் ஆடும் விளையாட்டில் குதிர் நிரம்பியே இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரம். அதனால் அதில் முடிவு எடுக்க ஒன்றுமே இல்லை. விரலை இழுக்கிறான், இழுத்த பக்கம் திரும்புகிறது. விமானப் படம் ஒட்டிய கொசு மட்டை.

பெங்களூரில் கைபேசி விளையாட்டு எழுதும் நண்பனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். "மச்சான், இது கேஷுவல் கேம். பஸ்ஸுல நின்னுக்கிட்டு ஆடுறது. உனக்கு சிமுலேட்டர் வேணும்னா ஜாய்ஸ்டிக் வாங்கி வீட்ல வச்சு ஆடு. முதல் ரெண்டு நிமிஷத்துல விமானம் விழுந்தா பையன் அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிருவான்."

இந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் பதில் இது, எல்லாரும் நம்பும் பதிலும் கூட. இதில் இரண்டு பொய் இருக்கிறது.

முதல் பொய், எளிமைக்கும் பளுவுக்கும் ஆகாது என்பது. 1984-இல், கைபேசி விளையாட்டே இல்லாத காலத்தில், கனடாவில் பிஎம்பி காம்ப்யூசயின்ஸ் என்ற நிறுவனத்தில் டேவிட் கிளார்க் என்பவர் 'சாப்வித்' என்று ஒரு விளையாட்டை எழுதினார். தங்கள் கணினி வலையமைப்பை விளம்பரப்படுத்துவதற்காகச் செய்த சின்ன வேலை. பக்கவாட்டிலிருந்து பார்க்கும் பொம்மை விமானம், நான்கைந்து விசைகள், இதைவிட எளிமையாக ஒன்று இருக்க முடியாது. ஆனால் மூக்கை ரொம்பத் தூக்கினால் அது நிலைகுலைந்து விழும். எரிபொருள் தீரும், வீட்டுக்குத் திரும்பி இறங்கி நிரப்பவேண்டும். இரண்டாம் பதிப்பில் தரையில் மாடுகள் வந்தன. மாட்டைக் கொன்றால் மதிப்பெண் குறையும்! வானத்துக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது, அங்கே ஒருவருடைய மாடு மேய்ந்துகொண்டிருக்கிறது என்பது நாற்பது ஆண்டுக்கு முந்தைய அந்தப் பொம்மைக்குத் தெரிந்திருந்தது. கிளார்க் 2000-இல் அதன் மூலநிரலை வெளியிட்டார், இன்றும் யாரும் படிக்கலாம். வேகம் குறைந்தால் தூக்குவிசை குறைவது, கோணம் மிஞ்சினால் விழுவது, எரிபொருள் கரைவது, இந்த மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே எழுதிப் பார்த்தேன். நாற்பது வரியைத் தாண்டவில்லை. இன்றைய சாதாரண கைபேசிக்கு அது தூசு. ஆக முடியாததால் விட்டார்கள் என்பது இல்லை, வேண்டாம் என்று விட்டார்கள்.

இரண்டாவது பொய் இன்னும் மோசம். பையனுக்குத் தோற்கத் தெரியாது, தோற்றால் ஓடிவிடுவான் என்பது. இது அவனைப் பற்றிய இழிவான எண்ணம். பேரணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்காலில் நீச்சல் பழகும் பையன்களைப் பாருங்கள். மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, கண் சிவந்து, மறுபடி குதிக்கிறார்கள். சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு முட்டியைப் பேர்த்துக்கொள்ளாத ஒருத்தன் உண்டா? பம்பரம் முதல் நாளே சுற்றியவன் உண்டா? சாப்வித்தை மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தபோது மருமகன் முதல் கால் மணி நேரம் விமானத்தைத் தரையிலிருந்து சரியாகக் கிளப்பவே இல்லை. திட்டினான். "என்ன மாமா இது, மொக்க கிராபிக்ஸ்" என்றான். ஆனால் எழுந்து போகவில்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ தடவை மேலே ஏறியவன், எதிரியைத் துரத்தி ஆர்வத்தில் செங்குத்தாகத் தூக்க, விமானம் சுழன்று விழுந்தது. "ஏன் விழுந்துச்சு?" என்றான். கைபேசி விளையாட்டை அவன் ஏழெட்டு மாதமாக ஆடுகிறான். அதில் அவனுக்கு ஒரு 'ஏன்' கூட வந்ததில்லை.

இதைச் சொன்னால் 'நம் நாட்டிலேயே நல்லதாக ஒன்று செய்திருக்கிறார்களே' என்பார்கள். செய்திருக்கிறார்கள். இந்திய விமானப்படையே செய்தது. 2014-இல் ஒன்று, பிறகு 2019 ஜூலை 31 அன்று 'எ கட் அபவ்' என்று இன்னொன்று. அப்போதைய தளபதி தனோவா வெளியிட்டார். இளைஞர்களைப் படைக்கு ஈர்ப்பது நோக்கம். அமெரிக்க ராணுவம் 2002-இலேயே இந்த வழியைக் காட்டிவிட்டது. விளம்பரத்தில் எல்லார் கண்ணிலும் பட்டது ஒரு மீசை. அந்த மீசை யாருடையது என்று தமிழனுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஐந்து மாதம் முன்பு, பிப்ரவரி 27 அன்று, மிக்-21 விமானத்தில் போய்ச் சுடப்பட்டு, எல்லைக்கு அப்பால் பாராசூட்டில் இறங்கி, மார்ச் 1 இரவு வாகா வழியாக நடந்து வந்த அபிநந்தன் வர்த்தமான். அவருடைய தந்தை ஏர் மார்ஷல் வர்த்தமான், மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை'க்கு ஆலோசகராக இருந்தவர்.

நம் ஆள் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அந்த நாளின் மீசையை மட்டும் நினைவில் வைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அன்றைய சண்டையில் அவர் ஓர் எஃப்-16 விமானத்தை வீழ்த்தியதாக இந்தியா சொல்கிறது. பாகிஸ்தான் இன்றுவரை மறுக்கிறது. எந்த விளையாட்டின் ஸ்கோர் பலகையிலும் இப்படி ஓர் எண் வராது. தரை இல்லாத விளையாட்டில் அவருக்கு இறங்க ஓர் ஊரும் இருந்திருக்காது, அந்த ஊர்க்காரர்களின் அடியும், பிறகு கிடைத்த தேநீர்க் கோப்பையும் இருந்திருக்காது.

அதே நாள் காலையில், நம் பக்கத்தில், ஸ்ரீநகரை அடுத்த பட்காமில் ஒரு மி-17 ஹெலிகாப்டர் விழுந்தது. அதிலிருந்த விமானப்படையினர் ஆறு பேரும், கீழே நின்ற ஊர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். சுட்டது நம்முடைய ஏவுகணை. வருவது எதிரி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 4 அன்று, தனோவாவுக்குப் பின் தளபதியான பதௌரியா, அது நமது பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

வான்சண்டை தோன்றிய நாளிலிருந்து அதன் மிகக் கடினமான கேள்வி எதிரே வருவது யார் என்பதுதான். விமானங்களில் இறக்கை முழுக்க வட்டமும் சிலுவையும் வரைந்ததே அதற்காகத்தான். பிறகு கேள்வி-பதில் சமிக்ஞைக் கருவிகள் வந்தன. இத்தனைக்குப் பிறகும் 2019-இல் பட்காம் நடக்கிறது. கைபேசி விளையாட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை: எதிரி சிவப்பு, நம்மவன் பச்சை. தன் தலைக்கு மேலேயே எதிரி என்று எழுதி ஒட்டிக்கொண்டு பறக்கும் எதிரி. பிரேசில்காரனைப் போல அவனும் இல்லாதவன்.

கடை விளையாட்டு எழுதுபவர்களிடம் நான் கேட்பதற்கு ஒன்றுமில்லை, அவர்கள் விற்பது விளம்பரம். விமானப்படையிடம் கேட்கலாம், அது நம் வரிப்பணம். அடுத்த விளையாட்டு வரும்போது விமானம் விழட்டும், எரிபொருள் தீரட்டும். ஒரே ஒரு கட்டத்திலாவது ராடாரில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று மெதுவாக நகர்ந்து வரட்டும், அது யார் என்று திரை சொல்லாமல் இருக்கட்டும். சுடாமல் விட்டவனுக்கும் மதிப்பெண் தர ஒரே ஒரு வரி நிரல் கூடுதலாக வேண்டும். வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.